எழுபது மீட்டரும் இருபத்தைந்து கஜமும்

அன்புள்ள ஐயா,

பென்சில்வேனியாவில் இருக்கும் என் மைத்துனர் நவம்பரில் வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறார். பத்துக் கிளைக் கொம்புள்ள ஆண்மான் ஒன்றைக் கேமராவில் பார்த்து வைத்திருக்கிறாராம். லைசென்ஸ் எடுத்துக்கொண்டு என்னையும் வரச் சொல்கிறார். நான் புதுச்சேரியில் போட்டி வில் பழகியவன். 70 மீட்டரில் எய்கிறேன். அவரோ 25 கஜத்தைத் தாண்டினால் எய்யாதே என்கிறார். ஏன் இவ்வளவு பயம்? அந்தக் கொம்பு ரெக்கார்டில் ஏறுமா?

க.வெ., மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள க.வெ.,

மைத்துனர் சொல்வதே சரி. 70 மீட்டரில் நிற்கும் 122 செ.மீ. வட்டத்துக்குக் காது கிடையாது. அங்கே உலவும் வெள்ளைவால் மானுக்கு உண்டு.

அங்கே வேட்டைக்கு எடுக்கும் காம்பவுண்ட் வில்லின் (நுனிகளில் சக்கரம் வைத்த வில்) அம்பு நொடிக்கு ஏறத்தாழ 280 அடி போகும். நாண் அதிரும் சத்தம் 1,100 அடி. 40 கஜத்தில் நிற்கும் மானுக்குச் சத்தம் அம்பைவிட 0.3 நொடி முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். மிரண்ட மான் துள்ளுமுன் காலை மடக்கித் தாழும். ஒரு சாண் தாழ்ந்தாலே, நுரையீரலுக்கு வைத்த குறி முதுகுச் சதைக்குப் போய்விடும். 20 கஜத்தில் அந்த அவகாசம் பாதிதான். அப்போதும் முன்னங்காலை ஒட்டிப் பின்னால், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் குறி வையுங்கள். தாழாவிட்டால் இதயம், தாழ்ந்தால் நுரையீரல். மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும், அல்லது லேசாக முதுகைத் திருப்பியிருக்க வேண்டும். நேருக்கு நேர் நின்றால் விட்டுவிடுங்கள்.

உங்கள் போட்டி வில்லை, அதாவது சக்கரமில்லாத ரீகர்வை, இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள். அதில் இழுத்த பாரம் முழுவதும் கையில்தான் நிற்கும். மான் புதருக்குப் பின்னால் நின்றுவிட்டால் இழுத்த நாணோடு காத்திருக்க வேண்டிவரும். 60 பவுண்டு காம்பவுண்டில், முழுதாக இழுத்ததும் பாரத்தில் 80 சதவீதம் தளர்ந்துவிடும் அமைப்பு இருந்தால், கை தாங்குவது 12 பவுண்டுதான். அம்பின் எடை 400–450 கிரெயின் (26–29 கிராம்), அதில் 100 கிரெயின் அலகுமுனை, அதாவது கத்தி அலகு வைத்த வேட்டை முனை. குண்டு மாதிரி அதிர்ச்சியால் அல்ல, ரத்தம் வடிந்துதான் அம்பு கொல்லும். அலகு சவரக்கத்திபோல இருக்க வேண்டும். பயிற்சி முனையில் நேராகப் போன அம்பு அலகுமுனையில் விலகினால், வில்லின் டியூனிங் சரியில்லை என்று அர்த்தம். அலகு காற்றைப் பிடிப்பதால் சின்னக் கோணலும் பெரிதாகிவிடுகிறது. அதே முனையை மாட்டியே பழகுங்கள்.

மரப்பரண் 15–20 அடி உயரத்தில் இருக்கும். கால் தரையை விடுமுன்பே பாதுகாப்புப் பட்டியை மாட்டுங்கள். இந்த வேட்டையில் ஆட்கள் அதிகம் அடிபடுவது பரணிலிருந்து விழுந்துதான். கீழ்நோக்கி எய்யும்போது கையை மட்டும் தாழ்த்தாமல் இடுப்பிலிருந்து வளையுங்கள். கணக்கில் வருவது கிடைமட்டத் தூரம்தான், சரிவுத் தூரம் இல்லை. காற்று உங்களிடமிருந்து மானை நோக்கி வீசினால் அன்றைக்கு அந்தப் பரணே வேண்டாம்.

எய்ததும் இறங்கி ஓடாதீர்கள். மான் கடைசியாக மறைந்த இடத்தைக் கண்ணில் குறித்துக்கொண்டு, பிறகு அம்பைப் பாருங்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், அரைமணி பொறுத்தால் போதும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், நாலு மணிநேரமாவது ஆகட்டும். பச்சைத் திப்பியும் நாற்றமும் இருந்தால் வயிறு. எட்டு முதல் பன்னிரண்டு மணிநேரம். முன்பே துரத்தினால், படுத்திருக்கும் மான் எழுந்து ஓடும், ரத்தத் தடமும் அறுந்துபோகும். மழை வரும்போல இருந்தால் எய்யவே வேண்டாம். தடம் கழுவிப்போகும் என்று ஐப்பசி கண்ட கடலூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கொம்பு விஷயம். கிளை எண்ணிக்கை மட்டும் போதாது. வில்வேட்டைக்குப் பதிவேடு வைத்திருக்கும் போப் அண்ட் யங் கிளப்பில் கிளைகள் இருபக்கமும் ஒழுங்காக அமைந்த வெள்ளைவால் மான் கொம்புக்குக் குறைந்தது 125 அங்குலம் வேண்டும். கிளைகள் முளைக்கும் இரண்டு நடுத்தண்டுகளின் நீளம், கிளைகளின் நீளம், ஒவ்வொரு தண்டிலும் நான்கு இடத்தில் சுற்றளவு, தண்டுகளுக்கு நடுவில் உள்ள அகலம் எல்லாவற்றையும் கூட்டி, இடவல வித்தியாசத்தைக் கழிப்பார்கள். ஒல்லியான இளம் பத்துக்கிளை மான் இதில் தேறாமல் போகும். கொம்பு முழு வளர்த்தி காண ஐந்தாறு வயதாக வேண்டும். இதற்காகத்தான் சிலர் இளசைப் பார்த்தும் எய்யாமல் விடுகிறார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. (நம்மூரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மான் வேட்டையே குற்றம். இந்தப் பாடமெல்லாம் அங்கேயே நிற்கட்டும்.)

ஈரம் வற்றினால் கொம்பு சுருங்கும் என்பதால் 60 நாள் காயவைத்த பிறகே அதிகாரப்பூர்வமாக அளப்பார்கள். பொங்கலுக்கு நீங்கள் ஊரில் இருப்பீர்கள். எத்தனை அங்குலம் என்று மைத்துனரைப் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.