பால் கெட்டதா, கெடுக்கப்பட்டதா?

விடுப்புக் கடிதத்தில் ‘மை ஃபாதர்ஸ் ஹெல்த் வாஸ் டிட்டீரியரேட்டட்’ என்று எழுதினேன், மேலாளர் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பிவிட்டார், என்ன தப்பு, மோசமாவதைச் சொல்லும் இந்த ‘டிட்டீரியரேட்’, உட்புறம் என்று பொருள்படும் ‘இன்டீரியர்’ என்பதிலிருந்து வந்ததாமே, உள்ளுக்குள் கெடுவதாமே என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி.

முதலில் அந்த ‘வாஸ்’ஸை எடுத்துவிடுங்கள், கடிதம் சரியாகிவிடும். காரணம் தமிழிலேயே இருக்கிறது. பால் கெட்டது, பாலைக் கெடுத்தான். முதலாவது தானாக நடப்பது, இரண்டாவதற்கு ஒரு ஆள் வேண்டும். இன்றைய ஆங்கிலத்தில் டிட்டீரியரேட் என்பது ‘கெட்டது’ வகை. நீங்கள் எழுதியதோ ‘உடல்நிலை கெடுக்கப்பட்டது’ என்று, யாரோ சோற்றில் எதையோ கலந்த மாதிரி ஒலிக்கிறது. அப்பா இன்னும் தேறவில்லை என்றால் ‘ஹேஸ் டிட்டீரியரேட்டட்’ போடுங்கள்.

உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆக்டிவ் வாய்ஸைப் பாசிவ் வாய்ஸாக மாற்று என்று பள்ளியில் வருடக்கணக்காகப் பிழிகிறார்கள், எந்த வினையை அப்படி மாற்றக்கூடாது என்று சொல்ல ஒரு பீரியட் கிடையாது, அதற்கு மார்க் இல்லையே! கடைசியில் கடிதம் என்றாலே ‘வாஸ்’ போட்டால்தான் மரியாதை என்று ஆகிவிட்டது.

அப்புறம் அந்த ‘இன்டீரியர்’ கதை. சொல்லை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு அர்த்தம் ஒட்டி, முப்பது நாளில் மூவாயிரம் சொல் என்று காசு வாங்குகிறவர்களின் சரக்கு இது. தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். லத்தீனில் ‘டே’ என்றால் கீழே. அதிலிருந்து ‘டேடேரியோர்’, இன்னும் கீழான, இன்னும் மோசமான. இன்டீரியர், எக்ஸ்டீரியர் இரண்டும் இதே அச்சில் வார்த்தவை, அதனால் வால் ஒரே மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். சித்தப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ‘அப்பா’ பொதுவாக இருப்பதால் ஒருவர் மற்றவரின் மகன் ஆகிவிடுவாரா? வேடிக்கை என்னவென்றால், 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது இது ‘கெடுத்தான்’ வகையாகத்தான் இருந்தது. தானாகக் கெடுவது என்ற பொருள் பிறகு வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. அதை மேலாளரிடம் வாதமாக வைக்காதீர்கள், எடுபடாது.

ஒரு விலக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது சிவில் இன்ஜினியர் சண்டைக்கு வருவார். ‘டிட்டீரியரேட்டட் கான்கிரீட்’ என்று அவர்கள் எழுதுவது சரிதான். அது ‘கெட்டுப்போன பால்’ போல, பெயருக்கு முன்னால் நின்று அதன் நிலையைச் சொல்வது. பாலத்தைப் பார்த்துவிட்டு ‘கான்கிரீட் வாஸ் பேட்லி டிட்டீரியரேட்டட்’ என்று அறிக்கை எழுதினாலும் தப்பில்லை, நான் போனபோது அது அந்த நிலையில் இருந்தது என்றுதான் அர்த்தம், யாரோ கெடுத்தார்கள் என்றில்லை. ஆனால் அப்பா கான்கிரீட் இல்லை, அவர் உடம்பு நாளுக்கு நாள் மோசமானதைச் சொல்ல வெறும் ‘டிட்டீரியரேட்டட்’ போதும்.

திருத்தி எழுதும்போது எழுத்துகளையும் பாருங்கள். ஐ-க்கு அப்புறம் வரும் ஓ, ஆர் இரண்டையும் விழுங்கி ‘டிட்டீரியேட்’ என்று எழுதினால் சிவப்பு மை மறுபடி வரும்.