தின்ன ஆசை இருக்கிறது, வாய்தான் விடவில்லை

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட்டில் முப்பது வருசம் பால்மரம் (ரப்பர்) வெட்டி ஓய்வு பெற்றவன் நான். இப்போது தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீடு, பின்னால் ஏழு ஆடு. கேட்க வந்தது ஆட்டைப் பற்றியல்ல. ஐந்து வருசத்துக்கு முன் கறிக்கென்று வாங்கிய முயல்களில் ஒரு பெட்டையை அறுக்க மனம் வரவில்லை. பெயர் வெள்ளச்சி. காலையில் நான் சிலிப்பரை மாட்டினால் பின்னாலேயே வரும், சிலிப்பரில் தாடையைத் தேய்க்கும். புல்லை நான் விரல் நீளத்துக்கு நறுக்கித்தான் கொடுப்பேன். போன வாரம் கண் ஆப்பரேஷனுக்காக ஈப்போவில் நாலு நாள் தங்கிவிட்டேன். மருமகன் புல்லை நறுக்காமல் அப்படியே போட்டிருக்கிறார். அது சரியாகத் தின்னாமல் என் சிலிப்பர் பக்கத்திலேயே கிடந்ததாம். இப்போது ரொட்டியை நனைத்துக் கொடுத்தால் தின்கிறது. புல்லை வாயில் எடுத்துவிட்டுக் கீழே போட்டுவிடுகிறது. தாடை ஈரமாக இருக்கிறது, புழுக்கையும் சிறுத்துவிட்டது. எல்லாரும் ஏக்கம் என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் பல்வலிக்கு வாங்கிய அமோக்சிசிலினில் பாதி கொடுக்கச் சொல்கிறார். துணைக்கு இன்னொரு முயல் வாங்கலாமா?

பதில்: ஐயா, முதலில் அந்த மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அமோக்சிசிலின் முயலின் வயிற்றுக்குள் போனால், செரிமானத்தை நடத்துகிற நல்ல கிருமிகள் செத்து, கெட்டவை பெருகி, கழிச்சலில் உயிரே போய்விடலாம். முயலுக்கு ஆன்டிபயாட்டிக் தேவைப்பட்டால் அதற்கென்று வேறு மருந்துகள் இருக்கின்றன. அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை திரும்பப் படித்த வரி, "புல்லை வாயில் எடுத்துவிட்டுக் கீழே போட்டுவிடுகிறது" என்பது. பசியே இல்லாத முயல் புல் பக்கம் தலையைத் திருப்பாது. வெள்ளச்சி போய் எடுக்கிறது, மென்று பார்க்கிறது, வலித்ததும் விட்டுவிடுகிறது. ஈரத் தாடையும் அதே கதையைத்தான் சொல்கிறது, எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிடுகிறது. எனக்குக் கடைவாய்ப் பல் மேல்தான் சந்தேகம்.

முயலுக்கு மொத்தம் 28 பல். சாகும்வரை எல்லாம் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வளரும். நீளமான புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத் தின்றால்தான் அந்த வளர்ச்சி தேயும். ரொட்டிக்கும் பெல்லட் என்கிற குச்சித் தீனிக்கும் அப்படி அரைக்க வேலையில்லை, இரண்டு நசுக்கு நசுக்கினால் போதும். தேயாத கடைவாய்ப் பல்லின் ஓரம் ஊசிபோல் கூர்ந்துவிடும். கீழ்ப்பல் நாக்கைக் குத்தும், மேல்பல் கன்னத்தின் உட்புறத்தைக் கிழிக்கும். உதட்டை விலக்கினால் நமக்குத் தெரிவது முன்பல் மட்டும்தான். பின்னால் ஒளிந்திருக்கிற 22 பல்லையும் மருத்துவர் கருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும். முன்பல் நன்றாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள்.

இன்னொன்று, மனம் வருத்தப்படாமல் கேளுங்கள். இது அந்த நாலு நாளில் வந்ததல்ல. பல் கூராக மாதக்கணக்கில் ஆகும். நீங்கள் வீட்டில் இருந்தபோதே தொடங்கியிருக்கும். புல்லை நறுக்கிப் பக்கத்தில் உட்கார்ந்து கொடுத்ததால் அது எப்படியோ சமாளித்து வந்திருக்கிறது. மருமகன் முழுப் புல்லைப் போட்டதும் குட்டு வெளிப்பட்டுவிட்டது. அவரைக் குறை சொல்லாதீர்கள். அவர் போட்டதுதான் முறையான தீனி.

இப்போது அவசரம் எதற்கென்று சொல்கிறேன். ஆடு ஒரு வேளை தின்னாவிட்டால் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கலாம். முயலுக்கு அந்த நாளை கிடையாது. நார் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் அதன் குடல் ஓடும். நின்றால் காற்று கட்டும், வலிக்கும், வலியால் இன்னும் தின்னாது. வாந்தி எடுக்கவும் அதால் முடியாது. புழுக்கை சிறுத்திருப்பது குடல் மந்தமாகிவிட்டதன் அடையாளம். பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் தின்னாமல், புழுக்கையும் விழாமல் போனாலோ, வயிறு பலூன்போல் விறைத்தாலோ, காது தொட்டால் சில்லென்று இருந்தாலோ, நடுராத்திரி என்றாலும் கிளம்பிவிடுங்கள்.

எப்படியும் நாளைக் காலையே ஈப்போவுக்குக் கொண்டுபோங்கள். எல்லா கிளினிக்கிலும் முயல் பார்க்க மாட்டார்கள். முதலில் போன் போட்டு, "முயலின் கடைவாய்ப் பல்லை மயக்கம் கொடுத்து ராவிவிடுவீர்களா?" என்று இதே சொல்லில் கேளுங்கள். மயக்க மருந்து என்றதும் யாராவது பட்டினி போடச் சொல்வார்கள். அது நமக்கும் நாய்க்கும் சரி, முயலைப் பட்டினி போடக் கூடாது. வெயிலுக்கு முன் கிளம்புங்கள். கூடையில் புல்லைப் பரப்பி, ஐஸ் கட்டிய தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி ஓரமாக வையுங்கள். முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் பெரும்பாலும் சூட்டை வெளியேற்றும். தகரக் கூரைக்குக் கீழே கூண்டு இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். வீட்டிலேயே நகவெட்டியால் பல்லை வெட்டும் வைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம், பல் வேர்வரை பிளந்துவிடும்.

போகும்வரை, வயிறு விறைக்காமல் இருந்தால் மட்டும், பெல்லட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் கஞ்சியாகக் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, வாயின் பக்கவாட்டில் சிறிது சிறிதாக விடுங்கள். இரண்டு கிலோ முயலுக்கு ஒரு தடவைக்கு 20, 25 மில்லி போதும், நாளைக்கு நாலு தடவை. விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்த சொட்டு. மல்லாக்கப் போட்டு ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

பல்லைச் சரிசெய்த பிறகு ரொட்டி கிடையாது. பெல்லட் கிலோ எடைக்கு 25 கிராமுக்கு மேல் வேண்டாம், மற்றதெல்லாம் நறுக்காத புல். ஆட்டுக்கு வெட்டுகிற நேப்பியர் புல் நல்லதுதான். பெத்தாய் பெலாலாங் (சூபாபுல்) தழையை மட்டும் ஆட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் உள்ள மிமோசின் என்ற நச்சு முயலின் முடியை உதிர்க்கும். செம்பனை மரத்தடியில் புல் அறுப்பதாக இருந்தால் எப்போது மருந்து அடித்தார்கள் என்று மண்டோரிடம் (தோட்டக் கண்காணியிடம்) கேட்டுவிட்டு அறுங்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு இங்கே 2020 தொடக்கத்திலிருந்து தடை என்றாலும் வேறு களைக்கொல்லிகள் புழக்கத்தில் இருக்கத்தான் செய்கின்றன.

துணைக்கு இன்னொன்று இப்போது வேண்டாம். புதிய முயலை நேராகக் கூண்டில் விட்டால் ரத்தக்களறியாகிவிடும். முதலில் வெள்ளச்சி எடை ஏறட்டும். ஐந்து வயதுப் பெட்டை என்பதால் கர்ப்பப்பையையும் பார்க்கச் சொல்லுங்கள். கருத்தடை அறுவை செய்யாத பெட்டைகளுக்கு வயதாக ஆக அங்கே கட்டி வருவது சாதாரணம்.

இனி ஏக்கம். அது இல்லை என்று சொல்லமாட்டேன். தாடைக்கு அடியில் வாசனைச் சுரப்பி இருக்கிறது, அதை உங்கள் சிலிப்பரில் தேய்ப்பது "இது என்னுடையது" என்று முத்திரை குத்துவது. உங்கள் குரலும் வாசமும் அதற்குத் தெரியும். திடீரென்று இல்லாமல் போனால் பதற்றம் வரும், பதற்றத்தால் குடல் இன்னும் மந்தமாகும். ஏற்கெனவே வலித்துக்கொண்டிருந்த வாய்க்கு மேல் அதுவும் சேர்ந்திருக்கும். ஆனால் ஏக்கம் என்று பெயர் வைத்துவிட்டால் யாரும் வாயைத் திறந்து பார்ப்பதில்லை, அதுதான் எனக்குப் பயம்.

அடுத்த கண்ணுக்கு ஆப்பரேஷன் நாள் குறித்தால், காலையும் மாலையும் புழுக்கையைக் கவனிக்க மருமகனுக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். பழைய சிலிப்பர் ஒன்றை அதன் பக்கத்திலேயே விட்டுவைக்கலாம். ஆனால் ஓரத்தைக் கடித்து விழுங்கத் தொடங்கினால் எடுத்துவிடச் சொல்லுங்கள். காலமெல்லாம் ரப்பர் வெட்டியவர் வீட்டு முயலுக்கு ரப்பராலேயே குடல் அடைக்க வேண்டாம்.