பத்து மணித் தேநீரும் இரத்தச் சீனியும்

கேள்வி: தலவாக்கலைக்கு அருகே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். வயது 49. நீரிழிவுக்கு மெட்ஃபோர்மினும் கிளிக்லசைட்டும் எடுக்கிறேன். வெறும் வயிற்றில் இரத்தச் சீனி பார்த்தால் 118 mg/dL. பத்து மணித் தேநீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 240. அப்போது நான் சாப்பிடுவது கிரீம் கிரேக்கர் மட்டுமே. தேநீர் தவறிப்போகும் நாட்களில் மலையிலேயே கை நடுங்குகிறது. அந்த வேளைச் சாப்பாட்டை விட்டுவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். காலையில் இரத்தச் சீனியை இறக்கும் கிளிக்லசைட்டை விழுங்கிவிட்டுக் கூடையுடன் சரிவில் ஏறி இறங்கும் ஒருவர் இடையில் எதுவும் உண்ணாதிருந்தால், இரத்தச் சீனி 70க்குக் கீழே இறங்கிவிடக்கூடும்; நீங்கள் சொல்லும் நடுக்கம் பெரும்பாலும் அதன் அறிகுறியே. குளிர்ந்த பனிமூட்டத்திலும் வியர்த்தால், சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

மாற்ற வேண்டியது, அந்த வேளையில் நீங்கள் உண்பதையும் குடிப்பதையும்தான். கிரீம் கிரேக்கர் இனிப்பதில்லை என்பதால் பலர் அதை நோயாளிக்குரிய பிஸ்கட் என்றே நம்புகிறார்கள். ஆனால் அது தவிடு நீக்கிய கோதுமை மாவு; வயிற்றில் விரைவாகக் கரைந்து சீனியாகவே இரத்தத்தில் சேர்கிறது. அதனுடன் இரண்டு கரண்டி சீனி போட்ட தேநீரும் சேர்ந்தால் 240 வருவதில் வியப்பில்லை. ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறத்தாழ 4 கிராம். குளிருக்காக நாளுக்கு ஐந்து முறை அப்படிக் குடிப்பவருக்குத் தேநீரிலிருந்து மட்டும் 40 கிராம் சேர்கிறது. உலக சுகாதார நிறுவனமோ 25 கிராமுக்குள் நிற்பதே நல்லது என்கிறது. கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு சாயத்தண்ணீர் (பாலில்லாத தேநீர்) குடிப்பதும் இந்தக் கணக்கில் தப்புவதில்லை.

இரவே ஊறவைத்த கொண்டைக்கடலையை உப்புப் போட்டு அவித்து, சிறிது தேங்காய்ப்பூவும் வெங்காயமும் கலந்து, ஒரு கைப்பிடி அளவு சிறிய டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். பச்சைப்பயறும் கௌப்பியும் (தட்டைப்பயறு) நல்லவை. பருப்பு வகைகளின் புரதமும் நார்ச்சத்தும் செரிமானத்தை மெதுவாக்குவதால், சீனி ஒரேயடியாக ஏறாமல் சிறிது சிறிதாக இரத்தத்தில் கலக்கிறது. ரொட்டிதான் வேண்டுமென்றால் மெல்லியதாக ஒன்று போதும். குரக்கன் (கேழ்வரகு) மாவு கலந்தாலும் அளவு அதுவே. தேநீரில் சீனியை வாரத்துக்கு அரைத் தேக்கரண்டி வீதம் குறைத்துவந்தால் நாக்கு பழகிவிடும்.

நடுக்கம் வரும் நேரத்தில் மட்டும் கடலை உதவாது, ஏனெனில் அது மெதுவாகவே செரிக்கும். மூன்று நான்கு தேக்கரண்டிச் சீனியைப் பொட்டலமாக மடித்து எப்போதும் இடுப்பில் வைத்திருங்கள். நடுங்கியதும் அதை உண்டு, பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருங்கள். தெளியாவிட்டால் மீண்டும் ஒருமுறை உண்ணுங்கள். தெளிந்தபின் கடலையைச் சாப்பிடுங்கள். மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதை உங்களுடன் பறிக்கும் பெண்களிடமும் சொல்லிவையுங்கள்.

நடுக்கம் வந்த நாளையும் நேரத்தையும் கிளினிக் கொப்பியில் குறித்து, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள். கிளிக்லசைட்டின் அளவை அவர் மாற்ற வேண்டியிருக்கலாம். நீங்களாகவே மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.