டொராண்டோவில் எங்கள் வட்டார நூலகத்தில் அக்டோபரில் குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் ஓர் இலையுதிர்கால நிகழ்ச்சி வைக்கலாம் என்கிறார்கள். என்ன செய்யலாம், எதில் கவனம் வேண்டும்?

ஒரு குட்டி நடை, ஒரு கைவேலை மேசை, பெரியவர்கள் விதை மாற்றிக்கொள்ள ஒரு விதை மேசை. இவ்வளவு போதும். இதற்கு மேல் சேர்த்தால் எதுவுமே உருப்படியாக நடக்காது.

முதலில் தேதி. டொராண்டோவில் நிறம் நன்றாக ஏறுவது அக்டோபர் நடுவில் தொடங்கி மாதக் கடைசிக்குள். வடக்கே அல்கொன்குவின் பூங்காப் பக்கம் செப்டம்பர் கடைசியிலேயே சிவந்துவிடும்; அந்தப் படங்களைப் பார்த்துத் தேதி குறிக்காதீர்கள். அக்டோபர் இரண்டாம் திங்கள் நன்றி நவிலல் விடுமுறை, நூலகம் மூடியிருக்கும். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தைப் பின்னால் திருப்பியதும் 5 மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு மாலை நடை சரிப்படாது.

நடை 25 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். மரத்தின் பெயர்களை வரிசையாகச் சொன்னால் பிள்ளைகள் காதில் வாங்க மாட்டார்கள். ஒரு சோதனை காட்டுங்கள். மேப்பிள் இலை ஒன்றைப் பச்சையாகக் கிளையிலிருந்து எடுத்துக் காம்பை ஒடித்துப் பாருங்கள். வெள்ளைப் பால் கசிந்தால் அது நோர்வே மேப்பிள். சுகர் மேப்பிளில் தெளிந்த நீர்தான் வரும். காய்ந்து விழுந்த இலையில் பால் தெரியாது. ஐரோப்பாவிலிருந்து வந்த நோர்வே மேப்பிள் கடைசி வரை பச்சையாக நின்று மஞ்சளாவதையும் அப்போதே காட்டலாம். ஏன் நிறம் மாறுகிறது என்று கேட்பார்கள். மஞ்சள் இலைக்குள் முன்பே இருப்பதுதான், பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல, மரம் அந்தப் பருவத்தில் புதிதாகச் செய்வது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் இருந்தால் சிவப்பு தூக்கலாக இருக்கும்.

புதர் ஓரம் போனால் இரண்டு எச்சரிக்கைகள். மூன்று மூன்று இலையாக நிற்கும், தொட்டால் தோல் அரித்துத் தடிக்கும் பாய்சன் ஐவியும் இந்தப் பருவத்தில் அழகாகச் சிவக்கும், பிள்ளைகள் ஆசையாகப் பறிப்பார்கள். உண்ணிகளும் வெப்பநிலை 4 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை நடமாடும். காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகச் சொல்லுங்கள், வீட்டுக்குப் போனதும் உடம்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி கைவேலை மேசை. பொதுவாகச் சொதப்புவது இங்கேதான். நடையில் பொறுக்கிய ஈர இலையை உடனே இரண்டு மெழுகுத்தாளுக்கு நடுவே வைத்து அயர்ன் பண்ணினால் ஓரிரு நாளில் உள்ளே வியர்த்துப் பழுப்பாகும். ஒரு வாரம் முன்பே இலைகளைப் பழைய செய்தித்தாளுக்கிடையே வைத்துக் கனம் ஏற்றுங்கள், இரண்டாம் நாள் தாளை மாற்றுங்கள். கனத்துக்கு நூலகப் புத்தகத்தை எடுக்காதீர்கள், ஈரமும் பூஞ்சணமும் புத்தகத்துக்கு எமன். மேசையில் இந்த உலர்ந்த இலைகளைப் பயன்படுத்துங்கள். பிள்ளைகள் பொறுக்கியவை செய்தித்தாளில் சுருட்டி வீட்டுக்குப் போகட்டும். பேக்கிங் பார்ச்மெண்ட் பார்ப்பதற்கு மெழுகுத்தாள் மாதிரியே இருக்கும், ஆனால் ஒட்டாது. மேலே ஒரு வெற்றுத்தாள் போட்டு, நீராவியை அணைத்து, மிதமான சூட்டில் அழுத்துங்கள். வெட்டும்போது இலையைச் சுற்றி அரை அங்குலம் விடாவிட்டால் ஓரம் பிரியும். அயர்ன் பாக்ஸ் ஒரு பெரியவர் கையில் மட்டும் இருக்கட்டும்.

ஓக் கொட்டைகளை அலங்காரத்துக்கு அப்படியே வைக்காதீர்கள். உள்ளே வண்டுப் புழு இருக்கும். சில நாளில் ஓட்டில் குண்டூசித் தலை அளவு துளை போட்டு வெள்ளைப் புழு மேசையில் நெளியும், நூலகர் அடுத்த வருடம் அறை தரமாட்டார். தண்ணீரில் போட்டு மிதப்பவற்றை வீசிவிட்டு, மற்றவற்றைத் துடைத்து ஓவனில் 80–90 டிகிரி செல்சியஸில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். கருப்பு வால்நட் தோலோடு உள்ளே வரவே கூடாது, கையிலும் கம்பளத்திலும் அந்தக் கறை போகாது.

தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து சுவரோரம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். விதை மேசை அவர்களுக்காக. ஸ்கார்பரோ வீட்டுப் பின்வளவுகளில் பயற்றங்காய், மிளகாய், தக்காளி போடுபவர்கள் அவர்கள்தான். பயற்றை நெற்று கலகலக்கும்வரை கொடியிலேயே விடவேண்டும்; உறைபனி வரும்போல் இருந்தால் கொடியோடு பிடுங்கி உள்ளே தொங்கவிடலாம். தக்காளி விதையைச் சாற்றோடு இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, கழுவித் தட்டில் உலர்த்துங்கள். பேப்பர் துவாலையில் உலர்த்தினால் ஒட்டிக்கொண்டு வராது. சிறு கடித உறையில் பெயரும் அறுத்த ஆண்டும் எழுதச் சொல்லுங்கள், பிளாஸ்டிக் பை வேண்டாம். பயறும் தக்காளியும் பெரும்பாலும் தாய்ச்செடி போலவே வரும். மிளகாய் சில சமயம் கலக்கும். பக்கத்தில் வேறு ரகம் இருந்தால் பூசணியை நம்பவே முடியாது. அந்த விதையை யாராவது கொண்டுவந்தால் மாற்றிக்கொள்ள வேண்டாம், வறுத்துத் தின்னச் சொல்லுங்கள்.