பெர்த்துக்கு வரும் தம்பிக்கு: முதலில் புல்லைப் பாருங்கள்

தம்பி, டிசம்பர் நடுவில் குடும்பத்தோடு இங்கே ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்கு வருவதாகவும், கேனிங் வேல் பக்கம் வாடகை வீடு அமைந்துவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். வீட்டுக்கு முன்னும் பின்னும் புல்வெளி, அதைக் குடியிருப்பவர்தான் பராமரிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் போட்டிருக்கிறார்கள், அது பெரிய வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே மகளின் பள்ளி, பழைய கார், ஓட்டுநர் உரிமம், மளிகை. இந்த மற்றவையெல்லாம் வந்த ஒரு மாதத்தில் பிடிபட்டுவிடும், சொல்லவும் ஆள் நிறைய உண்டு. புல்லைப் பற்றித்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எனக்கும் சொல்லவில்லை.

நான் வந்து இறங்கியது 2008 ஜனவரி, இங்கே அது நடுக்கோடை. நாற்பது டிகிரி வெயில். புல் லேசாகப் பழுக்க ஆரம்பித்திருந்தது. ஒட்ட வெட்டிவிட்டால் தண்ணீர் குறைவாகத் தேவைப்படும், வேலையும் குறையும் என்று நினைத்து, புல்வெட்டும் மோவரை அடிமட்டத்தில் வைத்து மொட்டையடித்தேன். அப்புறம் பயந்துபோய் தினமும் மதியம் ஹோஸ் பிடித்தேன். தண்ணீர் தட்டில் ஊற்றியது போல வழுக்கி நடைபாதைக்கு ஓடியது. மூன்றே வாரத்தில் முன்பக்கம் முழுக்க வைக்கோல். வீட்டைக் காலி செய்தபோது புதுப்புல் பதிக்க என்று பாண்டில், அதாவது நான் கட்டிய முன்பணத்தில், 380 டாலரைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டு ஏஜென்டிடம் நான் குடிவந்த நாளின் பச்சைப்புல் படங்கள் இருந்தன, என்னிடம் ஒரு படமும் இல்லை. அந்த மாதம் அம்மாவுக்கு அனுப்ப வைத்திருந்த பணம் அது. இத்தனை வருடம் ஆகியும் எனக்கு அது ஆறவில்லை. சாவியைக் கொடுத்த அன்று 'இது இன்ன புல், இப்படிப் பாருங்கள்' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்.

அதனால் வந்ததும் முதலில் உங்கள் வீட்டுப் புல் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். இங்கே பெரும்பாலும் மூன்றுதான்: பஃபலோ, கூச், கிக்குயு. அகல இலையாக, தடித்த கொடி மண்ணுக்கு மேலேயே படர்ந்தால் பஃபலோ. கூச் என்பது வேறு ஒன்றுமில்லை, நம்முடைய அருகம்புல்லேதான். கிக்குயு கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, வேலியைத் தாண்டி அடுத்த வீட்டுக்கும் போய்விடும். கூச்சுக்கும் கிக்குயுவுக்கும் மண்ணுக்கடியிலும் கொடி ஓடுகிறது. மேலே காய்ந்து பழுப்பானாலும் ஈரம் கண்டால் திரும்ப முளைக்கும். பஃபலோவுக்கு அந்த வசதி கிடையாது. மேல்கொடியை மொட்டையடித்து வெயிலில் காயவிட்டால் போனது போனதுதான். நான் கொன்றது பஃபலோவை.

வெயில் காலத்தில் உயரமாக விடுங்கள். பஃபலோ என்றால் நான்கு சென்டிமீட்டருக்குக் கீழே போகாதீர்கள். ஒரு தடவைக்கு இலையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. உயரமான புல் தன் அடியில் தானே நிழல் போட்டுக்கொள்ளும். மோவர் பிளேடு மழுங்கியிருந்தால் நுனி கிழிந்து வெளுத்துவிடும், தீட்டிக்கொள்ளுங்கள். நாற்பது டிகிரி என்று சொன்ன நாளில் மோவரைத் தொடவே வேண்டாம்.

இப்போது தண்ணீர். பெர்த் நிற்பது கடலோர மணல் மீது. செடிகொடிகள் மக்கி வரும் மெழுகு போன்ற பொருள் அந்த மணலில் படிந்துவிடுவதால், ஒருமுறை நன்றாகக் காய்ந்த மணல் தண்ணீரை உள்ளே விடாது. அது எனக்குத் தெரிய வந்தது பக்கத்து வீட்டு இத்தாலியப் பெரியவரால். நான் ஒரு மணி நேரம் ஹோஸ் பிடித்து முடித்ததும் வந்து, மண் கிளறும் ஃபோர்க்கால் ஒரு குத்துக் குத்திப் புரட்டிக் காட்டினார். மேலே ஒரு விரற்கடை ஈரம். கீழே மாவு மாதிரி காய்ந்த மணல், பொலபொலவென்று கையிலிருந்து உதிர்ந்தது. 'நீ காற்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாய்' என்றார். இதற்கு வெட்டிங் ஏஜென்ட் என்று ஒன்று விற்கிறார்கள், சோப்பு போல வேலை செய்து மணலை நனைய வைக்கும். ஃபோர்க்கால் அங்கங்கே துளை போட்டு, அதைத் தெளித்து, நன்றாகத் தண்ணீர் விட வேண்டும். வசந்தத்தில் ஒருமுறை, நடுக்கோடையில் ஒருமுறை.

தானியங்கித் தெளிப்பானை இங்கே ரெட்டிக் என்பார்கள். பெரும்பாலும் அதன் பெட்டி கராஜ் சுவரில் இருக்கும். அதை வாரத்தில் இரண்டு நாள்தான் ஓட்டலாம், எந்த நாள் என்பதை வீட்டு எண்ணின் கடைசி இலக்கம் சொல்லும். 5 என்றால் ஞாயிறும் புதனும். காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பிறகோ ஒரே தடவை. மீறினால் 100 டாலர் அபராதம். நான் விடியலில்தான் ஓட்டுகிறேன். பிற்பகலில் வரும் கடல்காற்று, 'ஃப்ரீமேன்டில் டாக்டர்' என்று இங்கே செல்லமாகச் சொல்வார்கள், இருட்டும் வரைக்கும் அடித்துத் தண்ணீரையெல்லாம் ரோட்டுக்குத் தள்ளிவிடும். இங்கே குளிர்காலமான ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை ரெட்டிக்கை அடியோடு நிறுத்த வேண்டும். கையில் ஹோஸ் பிடிப்பதற்குத் தடையில்லை.

எவ்வளவு தண்ணீர்? ஒரு தடவைக்கு 10 மில்லிமீட்டர் போதும். காலி மீன் டின்களை அங்கங்கே வைத்து ரெட்டிக்கை ஓட்டி, ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஒரு டின்னில் 10, இன்னொன்றில் 3 என்றால் அங்கே தண்ணீர் தெளிக்கும் முனை அடைத்திருக்கிறது, அல்லது வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. மஞ்சள் திட்டுகளில் பாதிக்கு இதுதான் காரணம். ஆட்கள் அதைப் பார்க்காமல் ஓடும் நேரத்தைக் கூட்டிவிடுகிறார்கள்.

ஒன்று மனதில் கிடக்கிறது, சொல்லிவிடுகிறேன். இங்கே நம் ஆட்களிலேயே சிலர் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று இரவு இரண்டு மணிக்கு, அதுவும் தினமும், ரெட்டிக்கை ஓட்டுகிறார்கள். எனக்குச் சகிக்கவில்லை. நான் ராமநாதபுரத்துக்காரன். லாரி வரும் வரை குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவன். இந்த ஊரிலும் 1970களிலிருந்து மழை குறைந்துகொண்டே வருகிறது, குழாயில் வருவதில் ஒரு பெரிய பங்கு கடல்நீரைச் சுத்திகரித்தது, மிச்சத்தில் நிறைய நிலத்தடி நீர். இன்னும் சிலர் வேலையே வேண்டாம் என்று பிளாஸ்டிக் புல் விரித்துவிடுகிறார்கள். ஜனவரி மதியத்தில் அதில் குழந்தை வெறுங்காலோடு நிற்க முடியாது. அதைவிட, புல்லை முடிந்த அளவு குறைத்து, இந்த மண்ணின் செடிகளை வைத்துக்கொள்பவர்களை மதிக்கிறேன். வாடகை வீட்டில் வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் நீங்கள் புல்லை எடுத்துவிட முடியாது.

உரம் டிசம்பரில் வேண்டாம், கடும் வெயிலில் கருகும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மெதுவாகக் கரைவதாகப் பார்த்துக் கொஞ்சமாகப் போடுங்கள். மணலில் உரம் நிற்காது, அதிகமானது ஸ்வான் ஆற்றுக்குத்தான் போய்ச் சேரும்.

மகள் சின்னவள் என்பதால் இன்னொன்று. ஜோ-ஜோ என்று ஒரு களை உண்டு, நெருஞ்சிக்குத் தங்கை மாதிரி. குளிர்காலத்தில் மெல்லிய கொத்தமல்லி இலை போல முளைத்து, வசந்தத்தில் முள்ளாகிவிடும். முள் வந்தபின் மருந்தடித்துப் பயனில்லை, ஜூலை, ஆகஸ்டிலேயே முடித்துவிட வேண்டும். பஃபலோவுக்கு என்று எழுதியிருக்கிற மருந்தா என்று பார்த்து வாங்குங்கள், சில மருந்துகள் பஃபலோவையும் சேர்த்துக் கருக்கிவிடும். விநாயகர் சதுர்த்தி வருவதும் கிட்டத்தட்ட அதே சமயம். மருந்தடித்த கூச்சிலிருந்து பிள்ளையாருக்கு அருகம்புல் பறிக்காதீர்கள். எங்கள் வீட்டில் அதற்கென்றே ஒரு தொட்டியில் தனியாக வளர்க்கிறோம்.

காகித வேலையும் உண்டு. சாவி வாங்கிய அன்றே புல்வெளியைப் படமெடுங்கள், திட்டு திட்டாக, தேதியோடு. நடைபாதைக்கும் ரோட்டுக்கும் நடுவே இருக்கும் புல் பட்டையையும் படமெடுங்கள். அதற்கு வெர்ஜ் என்று பெயர், நிலம் கவுன்சிலுடையது என்றாலும் வெட்டுவது நீங்கள்தான். வீட்டின் நிலை பற்றி ஏஜென்ட் தரும் அறிக்கையில் உங்கள் குறிப்பை எழுதி ஏழு நாளுக்குள் திருப்பிக் கொடுங்கள். ரெட்டிக்கில் வேலை செய்யாத முனை எது, ஏற்கெனவே காய்ந்த இடம் எது, எல்லாம் எழுத வேண்டும். அவர்கள் வருடத்துக்கு நான்கு தடவைக்கு மேல் இன்ஸ்பெக்‌ஷன் வரக்கூடாது என்பதையும் தெரிந்து வையுங்கள்.

அந்தப் பெரியவரைச் சொன்னேன் அல்லவா. நான் வீட்டைக் காலி செய்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடம் போய்வருவேன். அவர் இளைஞராகக் கப்பலில் வந்து இறங்கியவர், முதல் கோடையில் தக்காளிச் செடி முழுவதையும் இழந்தாராம். நான் சொந்த வீடு வாங்கியபோது அவருடைய பஃபலோவிலிருந்து ஒரு சாக்குக் கொடி வெட்டிக் கொடுத்தார். அதை ஒவ்வொன்றாக ஊன்றி, இரண்டு கோடையில் முன்பக்கம் முழுக்க மூடியது. அவர் முதியோர் இல்லத்துக்குப் போகும்போது ஃபோர்க்கையும் என்னிடமே விட்டுப்போனார்.

நீங்கள் வந்து இறங்கிய வார இறுதியில் கூப்பிடுங்கள். அந்த ஃபோர்க்கையும் நான்கு காலி டின்னையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.