பெரம்பலூர் மனையில் ப்ரீகாஸ்ட் வீடு: உங்கள் கேள்விக்குப் பதில்

வணக்கம். பெரம்பலூர் அருகே கரிசல் மண் மனையில் 900 சதுர அடிக்கு ப்ரீகாஸ்ட் வீடு (தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை மனையில் பொருத்திக் கட்டுவது) கட்ட எண்ணியிருப்பதாகவும், தெருவின் அகலம் 12 அடியே என்றும், ஒப்பந்ததாரர் மூன்றே வாரத்தில் முடிப்பதாகச் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள்.

அந்த மூன்று வாரம் பெரும்பாலும் சுவரையும் கூரையையும் பொருத்துவதற்கான காலம் மட்டுமே. ஈரத்தில் உப்பி வெயிலில் வெடிக்கும் கரிசல் மண்ணுக்குரிய அடித்தளத்தை மனையிலேயே போட்டாக வேண்டும் என்பதால், அதற்கான நாளையும் செலவையும் தனியே எழுதி வாங்குங்கள். தொழிற்சாலையில் வார்க்கும் பலகைகளின் தரம் சீராக இருக்கும் என்பது உண்மையே. ஆனால் சென்னை பெரும்பாக்கத்தில் 2022-இல் திறக்கப்பட்ட 1,152 ப்ரீகாஸ்ட் வீடுகளைப் போல ஒரே அச்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்போது கிடைக்கும் சிக்கனம் தனி வீட்டுக்குக் கிடைப்பதில்லை.

என்னைக் கேட்டால், முதலில் கவனிக்க வேண்டியது பலகையும் பலகையும் சேரும் இணைப்புகளைத்தான். 1968-இல் லண்டனின் ரோனன் பாயின்ட் அடுக்குமாடியில் நேர்ந்த எரிவாயு வெடிப்பில் ஒரு மூலை முழுவதும் சரிந்ததற்குப் பலகைகளின் இணைப்பு பலவீனமாக இருந்ததே காரணம். தனி வீட்டில் அந்த அளவு ஆபத்து இல்லையென்றாலும், மழைநீர் கசிவது பெரும்பாலும் இணைப்புகளின் வழியாகத்தான்; ஆகவே அவற்றுக்கு எழுத்துப்பூர்வ உத்தரவாதம் கேளுங்கள். மின்குழாய், தண்ணீர்க் குழாய்களின் இடங்களையும் வார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். பிறகு சுவரை உடைப்பது நல்லதல்ல.

பலகைகளைத் தூக்கிப் பொருத்தும் கிரேன் உங்கள் தெருவில் நுழைந்து திரும்ப இடமில்லையெனில், ஆட்களே தூக்கக்கூடிய மெல்லிய எஃகுச் சட்டங்களை இணைத்துக் கட்டும் இலகு எஃகுச் சட்டக முறையை விசாரியுங்கள்.