மாடியில் வென்ட் பைப், கீழே நாற்றம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்களுடையது இரண்டு மாடி வீடு. மேல் மாடியில் ஃப்ளஷ் செய்யும்போதெல்லாம் முதல் மாடி பாத்ரூம் தரையில் தண்ணீர் இறங்கும் ட்ராப்பில் ‘களக் களக்’கென்று சத்தம். பிறகு சாக்கடை நாற்றம். தண்ணீர் மட்டும் தேங்காமல் போகிறது. இரண்டு முறை ஆசிட் ஊற்றியும் பலனில்லை.
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: தண்ணீர் தேங்கவில்லை என்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. அடைப்பு பெரும்பாலும் மொட்டை மாடி வென்ட் பைப்பில், அதாவது கழிவுக் குழாய்க்குக் காற்று விடும் பைப்பில்தான் இருக்கும். ஃப்ளஷ் தண்ணீர் மொத்தமாக இறங்கும்போது தனக்குப் பின்னால் காற்றை இழுக்கும். மேலிருந்து காற்று வராவிட்டால் உங்கள் ட்ராப் வழியாக இழுக்கும். ட்ராப்பில் நிற்கும் 2 அங்குலத் தண்ணீர்தான் சாக்கடை வாயுவைத் தடுக்கிறது. அது உறிஞ்சப்பட்டால் நாற்றம் நேரே வீட்டுக்குள். ஆசிட் அங்கே போய்ச் சேரவே சேராது, ஊற்றுவதை நிறுத்துங்கள்.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ட்ராப்பில் ஒரு மக் தண்ணீர் ஊற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே ஒருவர் ஃப்ளஷ் செய்யும்போது தண்ணீர் மட்டம் சட்டென்று இறங்கினால் சந்தேகமே வேண்டாம். ஆனால் மாடி ஏறும் முன் கீழே சேம்பர் (வீட்டுக் கழிவுநீர் சேரும் தொட்டி) மூடியையும் திறந்து பார்த்துவிடுங்கள். நிறைந்து நின்றால் சிக்கல் தெருக் குழாயில். குடிநீர் வாரியத்தின் 1916-க்குச் சொல்ல வேண்டியதுதான். வியாசர்பாடி, புளியந்தோப்பு போன்ற தாழ்வான பகுதிகளில் மழை நாளில் சாக்கடை நிரம்பி, காற்று வீட்டுப் பக்கம் தள்ளப்பட்டாலும் இதே சத்தம்தான் வரும். அதற்கு வென்ட்டைச் சுத்தம் செய்து பயனில்லை.

மாடியில் பைப்பின் தலையில் இருக்கும் கவுலை (காற்றுத் துளையுள்ள தொப்பி) திருகி இழுத்துக் கழற்றுங்கள். குழாய்க்கு நேர் மேலே முகத்தை வைக்காதீர்கள், தீக்குச்சி கிழிக்காதீர்கள். கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்பினால் டார்ச்சை விட நன்றாகத் தெரியும். நூலில் ஒரு நட்டைக் கட்டி இறக்கினால் எத்தனை அடியில் தட்டுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

கவுல் உடைந்த பைப்பில் பெரும்பாலும் கிடைப்பது பறவைக் கூடும் சருகும்தான். காக்கைக் கூடு என்றால் சுள்ளியோடு கட்டுக்கம்பியும் பின்னிக் கிடக்கும். தளம் போட்டபோது கொத்தனார் திணித்த சிமென்ட் சாக்கும் அவ்வப்போது வரும். எதுவானாலும் கம்பி நுனியைக் கொக்கியாக வளைத்து மேலே இழுக்க வேண்டும். குச்சியால் உள்ளே குத்தினால் எல்லாம் குழாயின் அடி வளைவில் போய் இறுகிக்கொள்ளும். அப்புறம் கழிவும் நிற்கும். கொக்கிக்கு எட்டாவிட்டால் பிளம்பர் அடைப்பெடுக்கும் நீள ஸ்பிரிங் வேண்டும்.

கடைசியாக, வழி திறந்துவிட்டதா என்று பார்க்க அரை பக்கெட் தண்ணீரைப் பைப்பில் மெதுவாக ஊற்றுங்கள். சேம்பரில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே தண்ணீர் ஏறி நின்றால் அத்தோடு விடுங்கள். 110 எம்எம் பைப்பில் மீட்டருக்கு 8 லிட்டருக்கு மேல் பிடிக்கும். அந்தப் பாரத்தைத் தாங்குவதற்காகச் செய்த பைப் அல்ல இது. ஹோஸைச் சொருகித் திறந்துவிட்டால் ஜாயிண்ட் கசியும், இல்லாவிட்டால் கீழ் பாத்ரூமில் பொங்கும்.

கேள்வி: வென்ட் பைப் நாற்றத்தால் மாடியில் வடாம்கூடக் காயவைக்க முடியவில்லை. கொசுவும் வருகிறது. பைப் வாயை மூடி போட்டு அடைத்துவிடலாமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: கூடாது. அடைத்தால் முதல் கேள்வியில் இருக்கும் தொல்லை உங்கள் வீட்டுக்கும் வரும். பைப்பை உயர்த்துங்கள். கைப்பிடிச் சுவருக்கு மேல் 5 அடி இருக்க வேண்டும். 10 அடிக்குள் ஜன்னல் இருந்தால் அதன் மேல் விளிம்பிலிருந்து 5 அடி. பைப்பை இணைக்க ஒரு கப்ளர், அதே அளவு பைப், சுவரோடு பிடிக்க இரண்டு கிளாம்ப், புது கவுல் போதும். கொசுவுக்கு நைலான் வலையை ஒரே மடிப்பாக நைலான் கயிற்றால் கட்டுங்கள். கட்டுக்கம்பி நம் கடற்காற்றில் துருப்பிடித்து அறுந்துவிடும். வலையில் தூசி அப்பும். மாதம் ஒருமுறை கழற்றி உதறாவிட்டால் வலையே மூடியாகிவிடும்.

கேள்வி: பழைய வீடு. சாம்பல் நிற சிமென்ட் பைப்தான் வென்ட். தட்டிப் பார்த்து அடைப்பைக் கண்டுபிடிக்கலாமா?
– வாசகர், ராயபுரம்

பதில்: தட்டாதீர்கள். அது ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் பைப்பாக இருக்கலாம். விரிசல் விடும், அறுத்தாலோ உடைத்தாலோ வரும் தூசி நுரையீரலுக்குக் கேடு. மேலிருந்து கொக்கி மட்டும் போடுங்கள். மாற்றுவதென்றால் நன்றாக நனைத்து, துண்டு துண்டாக உடைக்காமல் முழு நீளமாக இறக்கச் சொல்லுங்கள்.